அவர் என்னை 'நீங்க' என்றார்

என் சமையலை யாரும் பாராட்டியதில்லை, ஐயா; பாராட்டும்படி அது இருந்ததுமில்லை. என் கணவர் இராமகிருஷ்ணன் அதை வருடக்கணக்காகச் சகித்துக்கொண்டார். சில நாள் தட்டைச் சுவரில் அடித்துச் சகித்துக்கொண்டார். ஹந்தானையில் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கராக இருந்தவர். வீட்டில் எனக்குப் பெயர் 'ஏய்'.

ஓய்வுபெற்ற பிறகு மறதி வந்தது. முகம் ஊதிப்போய், வெயிலிலும் ஸ்வெட்டர் கேட்டார். ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப ருசியா இருக்கும்மா. நீங்க சாப்பிட்டீங்களா?"

சமைக்க வந்த பொம்பளை என்று நினைத்துவிட்டார். பேரப்பிள்ளை கண்ட கிழவி நான், உள்ளே போய்க் கண்ணாடி பார்த்தேன். சிரிக்காதீர்கள், பவுடரும் பூசினேன்.

மகள் சுந்தரிதான் பிடிவாதமாகக் கண்டிக்குக் கூட்டிப்போனாள். இரத்தம் சோதித்துப் பார்த்த டாக்டர் சிரித்தார்.

"இது வயசு மறதி இல்லம்மா. தைராய்டு கொறஞ்சிருக்கு. தெனமும் குளிசை குடுங்க, பழைய ஆளா ஆயிருவாரு."

சுந்தரி சந்தோஷத்தில் அழுதாள். நானும் அழுதேன். இரண்டும் ஒரே அழுகை என்று அவள் நினைத்தாள்.

குளிசை கொடுக்கத்தான் செய்தேன். முகம் வற்றியது, ஊர் பெயர் ஆள் பெயரெல்லாம் திரும்பி வந்தது. ஒரு காலையில் தேத்தண்ணிக் கோப்பை என் காலடியில் விழுந்து உடைந்தது.

"ஏய், சீனி எங்கடி?"

மருந்தைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மருந்து. மறுநாளிலிருந்து அதைக் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஒரு வேளையும் பிசகவில்லை. எனக்கு அந்த ஒழுங்கு உண்டு.

"அப்பாவுக்குக் குளிசை குடுக்குறியாம்மா?" என்று சுந்தரி போனில் கேட்பாள்.

"வேள தவறாம போகுதும்மா."

அவர் மெல்ல மெல்ல மறுபடி 'நீங்க'வுக்கு வந்து சேர்ந்தார். முற்றத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கல்யாணமான புதிதில்கூட எங்களுக்கு அப்படி நடக்கத் தெரியாது.

மழைக்காலத்தில் உடம்பு சில்லிட்டுப்போனது. எழுப்பினாலும் முழுதாக விழிப்பதில்லை. டாக்டரிடம் போனால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னொரு கம்பளி போர்த்தினேன்.

கொன்றேன் என்றே எழுதுங்கள், ஐயா, கையெழுத்து வைக்கிறேன். ஆனால் போவதற்கு முன்னால் ஒரு தடவை கண் திறந்து, "உங்கள மாதிரி ஒரு நல்ல மனுஷிய நான் பாத்ததே இல்ல" என்றார். எல்லாவற்றையும் மறந்தவர்தான். அந்த நேரத்தில் மட்டும் அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது.