மூடின கை

பெருமையா? பின்ன இல்லாம இருக்குமா? பெருமையா இருக்குன்னே எழுதிக்கோங்க. கூடப் பொறந்தவ புதுசா ரெண்டு கோள் கண்டுபிடிச்சிருக்கா, அக்காக்காரி பூரிச்சுப்போய் முன்வரிசையில உக்காந்திருக்கா. போட்டோவா? தாராளமா எடுங்க. நாற்காலி முதுகுல குடும்பத்தினர்னு சீட்டு ஒட்டியிருக்கே, அதுவும் விழற மாதிரி எடுங்க. அந்தப் பக்கம் இருக்கற வரிசைதான் ஆராய்ச்சிக் குழுவுக்கு.

இல்லைங்க, நான் வீட்டோட இருக்கறவ இல்லை. நானும் இதே ஆராய்ச்சிக்கூடம்தான். கீழ்த்தளத்துல, ஏசி மெஷினுக்குப் பக்கத்து ரூம். அவளை இந்த வேலைக்குள்ள இழுத்துட்டு வந்ததே நான்தான். யாரும் சொல்லலையா? யாரு சொல்லப் போறா, விடுங்க.

அடிக்கடி வாசலைப் பாக்கறேனா? ஆமா. மேடை ஏறுறதுக்கு முன்னாடி அவ என்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்க வருவாளான்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன். அதுக்காகவே படிக்கட்டை ஒட்டின சீட்டாப் பாத்து உக்காந்தேன். என்ன கேக்கணுமா? சொல்றேன். முதல்ல எங்க வேலையைப் புரிஞ்சுக்கோங்க, இல்லன்னா நாளைக்குக் கண்டபடி எழுதி வெச்சிடுவீங்க. கோவிச்சுக்காதீங்க, உங்க ஆளுங்க அப்படித்தான்.

புதுசாப் பொறந்த நட்சத்திரம் இருக்கே, அதைச் சுத்தித் தட்டு மாதிரி தூசு பரவிக் கிடக்கும். அந்தத் தூசு உருண்டு திரண்டுதான் கோள் ஆகும். ஆகிக்கிட்டிருக்கும்போதே கண்டுபிடிக்கணும், அதான் எங்க பொழப்பு. ஆனா நட்சத்திர வெளிச்சம் எதையும் பாக்க விடாது. எதிர்ல வர்ற லாரி லைட்டுக்குப் பக்கத்துல பறக்கற கொசுவைத் தேடற மாதிரிதான். அந்த வெளிச்சத்தைக் கம்ப்யூட்டர்ல கழிச்சுக் கழிச்சு எடுத்தா, மிச்சம் அங்கங்க புள்ளி புள்ளியா நிக்கும். முக்கால்வாசி வெறும் தூசுக் கட்டி, இல்லன்னா நாம கழிச்சதுல வந்த கோளாறு. தேடறவங்களுக்கு எல்லாமே கோளாத்தான் தெரியும். ஆசை அப்படி.

அதனால எங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. படம் தேடறவங்க கைக்குப் போறதுக்கு முன்னாடி, இன்னொருத்தர் அதுல ஒரு பொய்க் கோளை ஒளிச்சு வெச்சிடுவாங்க. எங்கன்னு சொல்ல மாட்டாங்க. அதைக் கண்டுபிடிச்சிட்டா தேடறவங்க வழி சரின்னு அர்த்தம், மத்த புள்ளிகளையும் நம்பலாம். எல்லாம் முடிஞ்சதும், வெளிய மூச்சு விடறதுக்கு முன்னாடி, ஒளிச்சவங்ககிட்டக் கேட்டு அந்தப் பொய்யை எடுத்துடணும். எங்க ரெண்டு பேருக்குள்ள அதுக்குப் பேரு கையைத் திறக்கறது. சின்னப் புள்ளையில நான் சட்டைப் பொத்தானை ஒரு கையில மூடிக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டுவேன். எந்தக் கைன்னு அவ தப்பாச் சொல்லிட்டு, கையைத் திற அக்கான்னு ஒரே அழுகை. நாப்பது வயசுலயும் அதே பேச்சுதான். ஒளிக்கறது நான், தேடறது அவ. முடிச்சதும் மாடியிலேர்ந்து தடதடன்னு இறங்கி வருவா, கையைத் திற அக்கான்னு.

ம், சரியாப் பிடிச்சிட்டீங்க. இப்ப பேச்சுவார்த்தை இல்லை. மூணு வருஷமாச்சு. அவளுக்குப் பேரு வாங்கிக் கொடுத்த முதல் கோள் இருக்கே, அதை முதல்ல பாத்தது நான். பொய்யை எங்க ஒளிக்கலாம்னு இடம் தேடறேன், அங்க ஏற்கெனவே ஒண்ணு உக்காந்திருக்கு. மாடிக்கு ஓடிப்போய் அவகிட்டதான் சொன்னேன். வேற யார்கிட்ட சொல்வேன்? கட்டுரை வந்தப்போ என் பேரு கடைசிப் பக்கத்துல, நன்றி சொல்ற இடத்துல, கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணவருக்கு அடுத்து. போய்க் கேட்டேன். உனக்கெதுக்கு அக்கா இதெல்லாம், நீ என்ன மேடை ஏறிப் பேசவா போறேன்னு சிரிச்சா. அன்னைக்கோட சரி. படிக்கட்டுல எதிர்ல வந்தா சுவரைப் பாத்துக்கிட்டே போறா.

பொறாமையா? இருக்குங்க. நான் என்ன மரக்கட்டையா? வயித்தெரிச்சல்னே போட்டுக்கோங்க.

இன்னைக்குக் காட்டப்போற இந்த நட்சத்திரத்தை வருஷா வருஷம் எடுத்த படங்களும் என் வழியாத்தான் போச்சு. முடிச்சதும் அவ வருவான்னு ரூம் கதவைத் திறந்தே வெச்சிருந்தேன். அந்த ஏசி இரைச்சல்ல யாரோ இறங்கி வர்ற மாதிரியே இருக்கும். கடைசியில வந்தது அவ உதவியாளர் பொண்ணு, இந்த அழைப்பிதழோட.

அதோ, வந்துட்டா. கொஞ்சம் நகந்துக்கோங்க, மறைக்காதீங்க. இந்தப் படி வழியாத்தான் ஏறணும்.

பாத்தீங்களா? நின்னா. என்னைப் பாத்தா. ஏதோ கேக்க வாயெடுத்த மாதிரிகூட இருந்துச்சு. மைக்கைச் சரிபண்ணிக்கிட்டு ஏறிப் போயிட்டா.

நானே போய்ச் சொல்லலாமேன்னா? சொல்லலாம்தான். எத்தனை தடவைங்க நானே போறது?

லைட்டை அணைச்சுட்டாங்க. சரி, திரையைப் பாருங்க. மேல இருக்கற புள்ளி நிஜம். யார் துணையும் இல்லாம அவளே கண்டுபிடிச்சது. கெட்டிக்காரி, அதையும் எழுதிக்கோங்க. கீழ இருக்கறது நான் வெச்சது. ஒவ்வொரு வருஷத்துப் படத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, நிஜக் கோள் சுத்தற கணக்குக்கு வெச்சேன். வேலைன்னா ஒழுங்காச் செய்யணுமில்ல? நான் இந்தத் தடவை வெக்கலைன்னு நினைச்சாளோ, என்கிட்ட வந்து நிக்க மனசு வரலையோ, தெரியலை. கேட்டிருந்தா அந்த நிமிஷமே கையைத் திறந்திருப்பேன்.

என்னங்க, பேனா நின்னுடுச்சு? எல்லாரும் எழுந்து கை தட்டறாங்க பாருங்க. கொஞ்சம் நகருங்க, நானும் தட்டணும். என் தங்கச்சி இல்லையா.