இருட்டில் போட்ட கிழங்கு

சம்பங்கியைக் கெடுப்பது வெயில் இல்லை மேடம், தண்ணீர்தான். கள்ளக்குறிச்சியில் என் கடையில் கிழங்கு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஊற்றி ஊற்றியே அதை அழுக விட்டுவிட்டு, என்னைத் திட்டிவிட்டு, மறுபடி என்னிடமே வாங்கிப் போவார்கள். அதனால் நானும் யாருக்கும் பக்குவம் சொல்லிக்கொடுத்ததில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி கலையரசி. வெள்ளிமலைப் பெண். கொல்லையில் சம்பங்கி என் பொறுப்பு. வீட்டுக்குள் ஜன்னலோரத் தொட்டிகளில் சிவப்பு லில்லி அவள் பொறுப்பு. லில்லி பூக்காமல் முரண்டு பிடித்தால் அவள் கொஞ்சிக்கொண்டிருக்க மாட்டாள். "தண்ணிய நிறுத்துங்க. இருட்டுல போட்டு மறந்துடுங்க. தானா வழிக்கு வரும்" என்பாள். வந்தது. தடித்த தண்டும் கையகலப் பூவுமாக வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

போன பங்குனியில், "நான் மலைக்கே போய்டறேங்க. எங்க அக்காகூட சேந்து நர்சரி போடப் போறேன்" என்றாள். நானும் பேரம் பேசிப் பார்த்தேன். தனிக் கடை, புது ஸ்கூட்டி வரைக்கும் ஏறினேன்.

"உங்களுக்கு வாங்கத் தெரியும், விக்கத் தெரியும். நான் இன்னா மூட்டையா?" என்றாள்.

வேண்டாம் என்று நடையைக் கட்டுகிறவர்கள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். கடைத்தெருவில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தன் பங்குக் கிழங்கை எடுக்கக் கிழங்கு அறைக்குள் போனாள். வெளிச்சம் பட்டு முளைத்துவிடக் கூடாது என்று ஜன்னல் வைக்காமல் கட்டின அறை. நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். கோபத்தில் இல்லை. கோபத்தில் நான் எதுவும் செய்வதில்லை, நஷ்டம்தான் வரும்.

"விளையாடாதீங்க, தொறங்க" என்று தட்டினாள். அப்புறம் தண்ணீர் கேட்டாள். கொடுத்திருக்கலாம். ஆனால் பாதியில் தண்ணீர் காட்டினால் பட்ட பாடெல்லாம் வீண் என்று சொன்னவளே அவள்தானே. அதைக் கதவு வழியாக ஞாபகப்படுத்தினேன்.

தட்டுவது குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றது. வழிக்கு வருகிறாள் என்று நிம்மதியாகக் கடைக்குப் போனேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் கேட்டாள்: "இன்னா இளவரசா, கலையக் காணோம்?"

"அவங்க அக்கா வூட்டுக்குப் போயிருக்கா."

"சொல்லிக்காம போற பொண்ணு இல்லியே. என் குடத்த வேற வாங்கிக்கினு போனா."

அந்த அக்கா பாப்பாத்தி மலையிலிருந்து போன் செய்தபோது, "கோச்சிக்கினு உள்ளயே கெடக்குறா, யாராண்டயும் பேச மாட்டேங்கறா" என்றேன். அதில் பொய்கூட இல்லை.

ஒரே சரக்குக்கு இரண்டு பேரிடம் இரண்டு விலை சொன்னால், அவர்கள் சந்தித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் கோட்டை விட்டேன். பாப்பாத்தி பஸ் பிடித்து வந்து நேராகப் பெரியம்மாள் வாசலில் நின்றாள். மிச்சத்தை அவர்களே உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

அதற்கு முன்னால் ஒரு தடவை கதவைத் திறந்தேன். கிழங்கு நல்லதா என்று நாங்கள் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம். அவள் கையை அழுத்தினேன். கெட்டியாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்று சாத்திவிட்டேன்.

உங்கள் ஸ்டேஷனில் இந்த அறைக் கதவை யார் மேடம் தட்டுகிறார்கள்? நான் பேச ஆரம்பித்ததிலிருந்து தட்டிக்கொண்டேயிருக்கிறார்கள். உங்களுக்குக் கேட்கவில்லையா? சரி, இருக்கட்டும்.

தாழ்ப்பாள் போட்டது நான். தண்ணீர் கொடுக்காதது நான். அவள் செத்தது என்னால்தான் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன், பேரம் பேச மாட்டேன். அதோடு இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அவள் என்னை விட்டுப் போகவில்லை.