நீங்க முதல்ல உக்காருங்க

இந்த நிமிடம் வரை உறுதியான செய்தி இதுதான். என் வலப்பக்கம் போட்டிருக்கும் இரண்டு சிவப்பு நாற்காலிகளும் காலியாக இருக்கின்றன. அவற்றின் இருபுறமும் இரண்டு பேர் கைகட்டி நிற்கிறார்கள். ஆதாரம், என் சொந்தக் கண்கள். சங்கச் செயலாளர் மணிமொழி அவர்களும் இதை உறுதி செய்தார். உறுதி செய்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வணக்கத்துக்கு முன்னால் செய்தியைச் சொல்லிவிட்டேன். நிருபர் வேலையில் வந்த பழக்கம், பொறுத்தருள வேண்டும். இனி முறைப்படி தொடங்குகிறேன்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சிறுவணிகர்களின் இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, ஆணி முதல் ஆழ்குழாய் மோட்டார் வரை அளந்து விற்று, அளக்காமல் சிரிக்கும் அய்யா அய்யம்பெருமாள் அவர்களே! முன்வரிசையை மூத்தோருக்காக விட்டுவிட்டு, பின்வரிசையில் நெருக்கியடித்து நிற்கும் மூத்தோர்களே! கடையையும் கவனித்து, கணக்கையும் கவனித்து, கணவரையும் ஓரக்கண்ணால் கவனித்தபடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கரும்பின் இனிப்பைப் பேச்சிலும், சின்ன வெங்காயத்தின் காரத்தை விலையிலும் வைத்திருக்கும் வணிகப் பெருமக்களே! கொல்லைப் பக்கம் கொதித்து மணக்கும் சாம்பாரே!

சாம்பாரை விளிக்க வேண்டாம் என்கிறார் தலைவர். சரி. அது கோபித்துக்கொள்ளாது. நாம் தாமதித்தால்தான் ஆறிப்போகும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘தொழிலில் நன்னடத்தை’. கை குலுக்குவது எப்படி, விசிட்டிங் கார்டு நீட்டுவது எப்படி, கூட்டத்தில் போனை அணைப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பேசலாம். ஆனால் நான் கேட்கிறேன், நமக்கா நன்னடத்தை தெரியாது? நமக்கா பணிவு தெரியாது? பிற ஊர்களில் மரியாதை குறைந்து வியாபாரம் கெடுகிறது. நம் ஊரில் மரியாதை மிஞ்சி வெங்காயம் முளைக்கிறது!

சிரிக்கிறீர்கள். முளைத்திருக்கிறது அய்யா. போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்.

இதோ, நாற்காலிகளுக்கு இடப்பக்கம் நிற்பவர் ஜெயசித்ரா. பூலாம்பாடியில் பெண்கள் பலரைச் சேர்த்து வெங்காய வடகம் போடும் தொழிலை நடத்துகிறார். தாளித்தால் தெருக்கோடி வரை மணக்கும் வடகம். வலப்பக்கம் நிற்பவர் திருமுருகன். அதே பூலாம்பாடியில் பிறந்து, இன்று கீழப்பழுவூரில் மளிகைக் கடை வைத்து, அரியலூர் வரை கிளை பரப்பியிருப்பவர். இந்த அம்மாளின் வடகம் அந்த அய்யாவின் கடைகளுக்குப் போக வேண்டும். பேச்சு அவ்வளவுதான். ஒரே ஒரு ஒப்பந்தம், இரண்டே இரண்டு கையெழுத்து.

மாசியில் வாங்கிய வெங்காயம் சேமிப்புப் பட்டறையில் குவிந்து கிடக்கிறது. சித்திரை வெயிலில் வடகம் காய்ந்தாக வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் அரைப்பது, உருட்டுவது, உலர்த்துவது எல்லாம். அதுவரை அந்தப் பெண்களுக்கு வேலை இல்லை, வெங்காயத்துக்கு மட்டும் வேலை இருக்கிறது. அது முளைத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் கையெழுத்தாகவில்லை? விலை படியவில்லையா? இல்லை. சரக்கு சரியில்லையா? இல்லை. பகையா, பொறாமையா, பழைய வழக்கா? இல்லை, இல்லை, இல்லை. அய்யா, யார் முதலில் என்பது முடிவாகவில்லை!

திருமுருகன் முதல்முறை பூலாம்பாடிக் கொட்டகைக்கு வந்தார். வாசலில் ஜெயசித்ரா, “நீங்க போங்கண்ணே” என்றார். “இது உங்க எடம்மா, நீங்க முன்னாடி போங்க” என்றார் இவர். அவர் விருந்தாளி என்று அந்த அம்மாள் அசையவில்லை. அவர் முதலாளி என்று இந்த அய்யா அசையவில்லை. கடைசியில் முதலில் உள்ளே போனது பக்கத்து வீட்டு ஆடு. அது யாரையும் கேட்கவில்லை. நேரே போய், மாதிரிக்காகக் காயப்போட்டிருந்த வடகத்தைத் தின்றுவிட்டு, திருப்தியாக வெளியே வந்தது. அன்று அந்தக் கொட்டகையில் வியாபாரம் தெரிந்த ஒரே ஜீவன் அதுதான்.

பிறகு நாற்காலி. “உக்காருங்கண்ணே.” “நீங்க உக்காருங்கம்மா, அப்புறம் நான்.” நின்றார்கள். டீ வந்தது. அவர் குடிக்காமல் இவர் குடிக்க மாட்டார், இவர் குடிக்காமல் அவர் குடிக்க மாட்டார். டீயின் மேல் ஆடை படிந்தது. டீயைக் கொண்டுவந்தவர் ஜெயசித்ராவின் தாயார் முத்தாயி அம்மாள். அதோ, மூன்றாம் வரிசையில் மஞ்சள் பையோடு இருக்கிறார். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் சண்டை போடலதானே?” என்று கேட்டார். இல்லை என்றார்கள். ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தார். அடுத்த டம்ளரையும் எடுத்துக் குடித்தார். “ஆறிப்போனா நல்லாருக்காது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கைதட்டாதீர்கள், இன்னும் இருக்கிறது.

விலை பேச வேண்டும் அல்லவா? “நீங்களே ஒரு வெல சொல்லுங்க” என்றார் அவர். “உங்களுக்குத் தெரியாததா, நீங்க பாத்துச் சொல்லுங்க” என்றார் இவர். எந்த விலையும் சொல்லப்படாமலேயே இருவருக்கும் முழுத் திருப்தி ஏற்பட்டது! பிறகு மணிமொழி அவர்கள் இருவரையும் தனித்தனியே கேட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒன்றை எழுதினார். வாங்குபவர் சொன்னது, விற்பவர் கேட்டதைவிட அதிகம் என்று கேள்வி. உறுதி செய்யக் கேட்டேன். செயலாளர் பெருமூச்சு விட்டார். அதை உறுதி என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது போன். பேசி முடித்தால் யார் முதலில் வைப்பது? “வச்சிரட்டுங்களா அண்ணே?” “வைங்கம்மா.” “நீங்க வைங்க.” “பரவால்ல, நீங்க வைங்க.” இரண்டு போனிலும் சார்ஜ் தீர்ந்து, அவையே தங்களை வைத்துக்கொண்டன. உடனே இருவரும் சார்ஜரைத் தேடிப் பிடித்து, மரியாதை இல்லாமல் கட் ஆகிவிட்டதே என்று மன்னிப்புக் கேட்க ஒருவரை ஒருவர் அழைத்தார்கள். இரண்டு பக்கமும் ‘பிஸி’ என்று வந்தது. இந்த உலகத்தில் மன்னிப்போடு மன்னிப்பு மோதி ‘பிஸி’ ஆன ஊர் எது? சொல்லுங்கள், நம் ஊரைத் தவிர வேறு எது?

ஒப்பந்தத் தாள் பஸ்ஸில் கீழப்பழுவூர் போனது, “அவங்க மொதல்ல போடட்டும்” என்று பூலாம்பாடிக்கே திரும்பியது. அங்கிருந்து, “அவங்க போட்டதும் போடுறேன்” என்று மறுபடி கீழப்பழுவூர் போனது. அந்தத் தாள் பார்த்த பஸ் ஸ்டாண்டுகளை நானே பார்த்ததில்லை. ஆகவேதான் தலைவர், இருவரையும் இந்த மேடையிலேயே அமர வைத்துக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றார். அமர வைப்பது! எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்!

கீழே யாரோ, “அந்தக் காலத்து ஆளுங்கதான் நிப்பாங்க, இவங்களுக்கு என்னவாம்?” என்கிறார். நல்ல கேள்வி. இதையே நான் இன்று மாலை திருமுருகனைத் தனியே கேட்டேன். அவர் சொன்ன பதிலை அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

“சார், எங்க அப்பா காலத்துல வெங்காயம் அறுக்க ஆள் வரும். கூலி வாங்கறப்ப எவ்ளோ நேரமானாலும் எங்க வீட்டு வாசல்ல நிக்கத்தான் சொல்வாங்க. நாலஞ்சு நாற்காலி காலியாத்தான் கெடக்கும். முத்தாயி அம்மா நின்னத நான் பாத்துருக்கேன். இந்தப் பொண்ணையும் இடுப்புல வச்சிக்கிட்டு நின்னாங்க. அந்தக் குடும்பம் உக்காராம நான் உக்கார மாட்டேன் சார்.”

அவையோரே! இதுவரை சிரித்தோம். இப்போது கேட்கிறேன். கை குலுக்கத் தெரிந்தால் நன்னடத்தையா? கார்டு நீட்டத் தெரிந்தால் நன்னடத்தையா? யாருக்கு நேற்று நாற்காலி இல்லை என்று நினைவு வைத்திருப்பது நன்னடத்தை! அந்த நினைவு இருக்கும் கடையில் வாங்குங்கள்! அந்த நினைவு இருக்கும் கையோடு கை கோத்து வியாபாரம் செய்யுங்கள்! ஆனால் திருமுருகன் அவர்களே, அந்த நினைவை நீங்கள் நெஞ்சுக்குள் பூட்டி வைத்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? விருந்தாளி நிற்கிறாரே என்று அந்த அம்மாளும் நிற்கிறார். இருவரும் நின்றால், காலியாகக் கிடப்பது மறுபடியும் அதே நாற்காலிதானே?

பொறுங்கள். மூன்றாம் வரிசையில் அசைவு. முத்தாயி அம்மாள் எழுந்துவிட்டார். வழி விடுங்கள். தம்பி, அந்த ஒயரைத் தள்ளுங்கள், தடுக்கப் போகிறது. மேடை ஏறுகிறார். யாரையும் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்! முதல் நாற்காலியில் முத்தாயி அம்மாள் உட்கார்ந்துவிட்டார்! பையிலிருந்து ஒரு வெங்காயம் எடுத்து மேசையில் வைக்கிறார். பின்னால் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், அதில் பச்சை முளை ஒரு விரல் நீளத்துக்கு நிற்கிறது.

மைக் எட்டாதவர்களுக்கு அவர் சொல்வதைச் சொல்கிறேன்: “தம்பி, அத நீ மனசுல வச்சிருந்ததே போதும்ப்பா. சித்ரா, அந்த நாற்காலில நீ உக்காரு. தம்பி நின்னுக்கிட்டே போடட்டும், அவருக்குக் கால் நல்லாத்தான் இருக்கு.”

ஜெயசித்ரா அமர்கிறார். பேனா எடுக்கிறார். முதல் கையெழுத்து விழுந்தது. திருமுருகன் குனிகிறார். நாற்காலி கொண்டுவந்த தலைவரை வேண்டாம் என்கிறார். நின்றபடியே போடுகிறார். கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், கேட்டால் வெங்காயம் என்பார், அப்படியே வெளியிடுவேன். இப்போது தட்டுங்கள்!

இந்த நிமிடத்தின் புதிய செய்தியோடு முடிக்கிறேன். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. நாளை காலை பூலாம்பாடியில் அரைக்கத் தொடங்குகிறார்கள் என்று ஜெயசித்ரா தெரிவிக்கிறார். கோடை மழை குறுக்கிடாவிட்டால், வடகம் வைகாசி முதல் வாரத்தில் அரியலூர்க் கடைகளுக்கு வரும்.

நிலுவையில் இருப்பது ஒன்றுதான். பந்தியில் முதல் இலையில் யார் உட்காருவது என்பது இன்னும் முடிவாகவில்லை. ரசம் ஆறுவதற்குள் முடிவு எதிர்பார்க்கப்படுகிறது. முத்தாயி அம்மாள் ஏற்கெனவே எழுந்துவிட்டார், அவர் பின்னால் போங்கள்.

நின்று கேட்ட மூத்தோருக்கும், அமர்ந்து கேட்ட தாய்மாருக்கும், அமர்த்திப் பேச விட்ட தலைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. அனைவருக்கும் வணக்கம். நீங்கள் முதலில் இறங்குங்கள், நான் அப்புறம் வருகிறேன்.