கஸ்தூரிரங்கன் தலையில் ஏறிய விரால்

இந்த வயதிலும் எனக்குத் தலை நிறைய முடி இருக்கிறது, கைனாத் மேடம். பின்கழுத்தில் புரளும். அஸ்தினாபுரத்தில் என் வயதுக்காரர்கள் தொப்பி வாங்கும்போது நான் சீப்பு வாங்குகிறேன். சலூன்காரர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால் போவேன், அவ்வளவுதான். அவரும் பிழைக்க வேண்டாமா. ஆகவே நீங்கள் மறுபடி கத்திரிக்கோலோடு வந்து என் ஹாலில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். காபியைக் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது.

முதல் தடவை நீங்கள் வந்தது போன தை மாசம். எங்கள் ஏரியில் என்ன கலந்திருக்கிறது, அது மீனுக்குள் எவ்வளவு போகிறது, மீனைத் தின்கிற கொக்குக்கும் மனுஷனுக்கும் எவ்வளவு போகிறது என்று பார்க்க வந்தீர்கள். கரையில் யார் யாரோ கொட்டின உடைந்த டியூப்லைட்டையும் தர்மாமீட்டரையும் காட்டி, பாதரசம் என்றீர்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் ஏரியில் மதகோரமாக நிற்கிற ஒரு கிழட்டுக் கொக்கு உண்டு. சித்திரை வெயிலில் அதன் கழுத்து நீண்டு நிற்கும். மார்கழியில் தோளுக்குள் இறங்கிவிடும். நடுவில் மழை பெய்தால் பாதியில் நிற்கும். அதைப் பார்த்துத்தான் நான் பீரோவிலிருந்து மஃப்ளரை எடுப்பது. இதை உங்களிடம் அன்றைக்கே சொன்னேன். நீங்கள் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அந்தக் கொக்கு முட்டை போடுமா சார்?" என்று மட்டும் கேட்டீர்கள். அப்போதே உங்கள் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

தலைமுடியைப் பற்றியும் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளரும். அந்த மாசம் தின்ற மீன் அந்த சென்டிமீட்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். தாம்பரம் வண்டியில் பெட்டிகள் மாதிரி மாசங்கள் வரிசையாகக் கோத்து நிற்கும் என்று நானாகப் புரிந்துகொண்டேன். வேர்ப்பக்கம் புதுசு, நுனி பழசு. இதைத் தெருவில் எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியாது. நான் கவனித்தேன்.

இனி கஸ்தூரிரங்கன் சார். எதிர்வீடு. எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தார். தங்கமான மனிதர், இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் நான் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டேன். வெங்காயத்தைக் கூட நாள் பார்த்துத்தான் தொடுவார். முட்டை போட்டிருக்குமோ என்று பேக்கரிப் பக்கமே போகமாட்டார். அவர்தான் சங்கத்தில் தீர்மானம் போட்டு, தெருமுனையில் பலகை மாட்டினார்: மீன் கூடை உள்ளே வரக் கூடாது.

எனக்குத் தினம் விரால் வேண்டும். ஏரியில் குப்பன் பிடிப்பதை அவன் பெண்டாட்டி தனம் கூடையில் கொண்டுவருவாள். பலகை வந்த பிறகு அவள் முனையில் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் நின்று குரல் கொடுப்பாள்.

"இன்னா பெர்யவரே, மீன் கூடை உள்ள வந்தா தெரு நாறிப்பூடுமா? ஏரியைத் தூர்த்து வூடு கட்னப்போ நாறலியா?"

நியாயமான கேள்வி. ஆனால் அவள் கேட்ட கேள்விக்காக நான் எதுவும் செய்யவில்லை. எனக்கு மூட்டு வலி. முனை வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. காரணம் அவ்வளவுதான். பெரிதாக எதையாவது எதிர்பார்த்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஹால் பெரிதாக இருக்கிறதென்று இங்கேதான் எல்லாரையும் வரவழைத்து முடி வெட்டினீர்கள். மற்றவர்கள் போன பிறகு கடைசியாக நானும் அவரும், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவருக்குப் பின்மண்டையில் மட்டும்தான் பயிர். இரண்டு பேருடையதையும் ஒரே அளவுக்கு நறுக்கி, ஒரே மாதிரி நூல் கட்டி, நம்பர் போட்ட இரண்டு கவரில் போட்டீர்கள். என்னுடையதும் வெள்ளை, அவருடையதும் வெள்ளை. பிறகு எங்கள் வீட்டு மீன் குழம்பில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சமையலறைக்குப் போனீர்கள். என் மனைவி தையல்நாயகி மூடியைத் திறந்தாள். வாசனை ஹாலுக்கு வந்தது. கஸ்தூரிரங்கன் சார் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மெதுவாகத்தான் போனார். மரியாதையாகத்தான் போனார். இருந்தாலும் என் வீட்டுக் குழம்பு. நான் இந்தக் கவரில் இருந்த முடியை அந்தக் கவரிலும், அந்தக் கவரில் இருந்ததை இந்தக் கவரிலும் வைத்தேன். அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டு திரும்பி வரும்போது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் முடிவு வந்தது. நீங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒட்டின உறையாகக் கொடுத்து, தனியாகப் பாருங்கள் என்றுதான் சொன்னீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. மொட்டை மாடியில் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கஸ்தூரிரங்கன் சார்தான் எழுந்தார்.

"நமக்குள்ள மறைக்கறதுக்கு என்ன இருக்கு? எல்லாரும் உரக்கப் படிச்சுடலாம். மொதல்ல என்னோடது. மேடம், நீங்களே படிங்கோ."

"வேணாம் சார். வீட்ல போய்ப் பாருங்க, ப்ளீஸ்."

"பரவால்ல, படிங்கோ. நாலு பேருக்கு முன்னுதாரணமா இருக்கட்டும்."

நீங்கள் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்தீர்கள். மறுபடி காகிதத்தைப் பார்த்தீர்கள். அவர் விடவில்லை. கடைசியில் மெல்லிய குரலில், "பாதரசம் ரொம்ப அதிகமா இருக்கு சார். தினம் மீன் சாப்பிடறவங்களுக்குத்தான் இந்த அளவு வரும்" என்றீர்கள்.

மாடியில் துணி காய்கிற சத்தம் கேட்டது.

அவர் மனைவி ஹேமாவதி அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து, "சாயங்காலம் சாயங்காலம் வாக்கிங்னு ஏரிக்கரைக்குத்தானே போவேள்?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்தது என்னுடையது. அதில் பாதரசம் இல்லை என்றே சொல்லலாம். நான் தினம் ஏரி விரால் தின்கிறவன் என்பது தெருவில் பூனைக்குக் கூடத் தெரியும். எல்லாரும் என் தலையைத் திரும்பிப் பார்த்தார்கள். என் முடியை அவ்வளவு மரியாதையோடு யாரும் பார்த்ததில்லை.

நான் நினைத்தது கஸ்தூரிரங்கன் உறையை மட்டும்தான். என் உறையில் என்ன வரும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எந்த வேலையிலும் இப்படி ஒரு பக்கம் விட்டுப்போகும்.

நீங்கள் அப்போதே சொன்னீர்கள். "கொக்கு முட்டையில நிறைய இருக்கு. ஓடு கூட மெலிசா இருக்கு. இந்த ரெண்டு ரிப்போர்ட்டும் எனக்குப் புரியல. நான் இன்னொரு தடவை பாக்கற வரைக்கும் ஏரி மீனை யாரும் சாப்பிட வேணாம்." அழுத்தமாகத்தான் சொன்னீர்கள். எல்லார் முகத்திலும் கொஞ்சம் பயம் கூட வந்தது. நான் எழுந்து, "மேடம், கொக்கு மூணு வேளையும் மீனையே தின்னுது. அதுக்கு ரசம் சாதம் யார் போடறா? மனுஷனும் கொக்கும் ஒண்ணா?" என்றேன். சிரித்தார்கள். கைகூடத் தட்டினார்கள். வந்த கைதட்டலை வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தானாக நடந்தது. கஸ்தூரிரங்கன் சார் மேடவாக்கம் பக்கத்திலிருந்து வருகிற தண்ணி லாரியைச் சந்தேகப்பட்டார். கேன் தண்ணீருக்கு மாறினார். பிறகு கத்தரிக்காயைச் சந்தேகப்பட்டார். பல்லில் அடைத்த வெள்ளியைச் சந்தேகப்பட்டு, இருந்த ஒரு நல்ல பல்லையும் பிடுங்கிக்கொண்டார். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. ஒரு நாள் என்னிடமே வந்து, "ராஜகோபால், நான் தூக்கத்துல எழுந்து போறேனா? நீங்க ராத்திரியில பாத்திருக்கேளா?" என்று கேட்டார். இல்லை சார், நான் பார்த்ததில்லை என்றேன். அது உண்மை.

ஹேமாவதி அம்மாள் அவருக்குத் தனித் தட்டு வைத்தார். சமையலறைக்கு வெளியே வைத்தார். தனம் அவரைக் கண்டால் கூடையைச் சாய்த்துக் காட்டுவாள்.

"இன்னா ஐயரே, உனுக்கு ஒரு விரால் எடுத்து வச்சிக்கினு கீறேன். வூட்டம்மாக்குத் தெரியாம எட்த்துனு போறியா?"

அவர் செயலாளர் பதவியை விட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டேன். முனையில் இருந்த பலகையைக் கழற்றினோம். நல்ல தேக்கு. தனம் இப்போது அதன் மேல் வைத்துத்தான் மீன் அறுக்கிறாள். என் வாசலுக்கே வருகிறாள். எல்லா வாசலுக்கும் போகிறாள். "பெர்யவர் தலையை லேபுல வச்சிப் பாத்து சுத்தம்னு எய்திக் குட்த்துட்டாங்க, தைரியமா வாங்கு" என்பதுதான் அவள் வியாபாரம். வஞ்சிரம் வாங்கித் தின்றவர்கள் எல்லாம் விராலுக்கு மாறினார்கள். கஸ்தூரிரங்கன் சார் இப்போது ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே காற்று நல்ல காற்று என்று கேள்வி. ஹேமாவதி அம்மாள் இங்கேயேதான் இருக்கிறார்.

பக்கத்து வீட்டுக் கிருபா உண்டான விஷயம் ஆனியில் தெரிந்தது. சாப்ட்வேர் கம்பெனி வேலை, வாடகை வீடு, அம்மா அப்பா திருநெல்வேலியில். கேட்க ஆளில்லாத பெண், என்னிடம்தான் வந்து கேட்டாள்.

"அங்கிள், டாக்டர் மீன் சாப்பிடச் சொல்றாங்க. ஏரி மீன் சாப்பிடலாமா? அந்த மேடம் வேணாம்னாங்களே?"

"நீ என் ரிப்போர்ட்டப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் அங்கிள்."

"அப்புறம் என்ன?"

கவனியுங்கள் மேடம், சாப்பிடு என்று நான் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். அன்றைக்கே தனத்தைக் கூப்பிட்டு, எனக்கென்று எடுத்துவைக்கிற விராலை இனி அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிடு என்றும் சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சிப் பெண். நாம் விட்டுக்கொடுக்காமல் யார் விட்டுக்கொடுப்பது. "உனுக்கு நல்ல மன்சு பெர்யவரே" என்றாள் தனம். தையல்நாயகி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் பார்வை எப்போதுமே அப்படித்தான்.

நேற்று நீங்கள் கிருபா வீட்டில் பேசியது எங்கள் மாடிப்படி வரைக்கும் கேட்டது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் முடியை இந்தத் தடவை சென்டிமீட்டர் சென்டிமீட்டராக நறுக்கிப் பார்த்தீர்களாம். கீழே நுனியில் ஒன்றும் இல்லை. வேரை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே வருகிறது. வயிற்றில் இருக்கிற பிள்ளையின் மூளைக்கு அது ஆகாது என்றீர்கள். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றீர்கள். அடுத்த வாரம் வளைகாப்பு. அவள் அழவில்லை. "ஆனா அங்கிள் ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லையே மேடம்" என்று திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண், பிள்ளையும் கெட்டியாகத்தான் பிறக்கும். நான் சொன்னது இதுவரை பலிக்காமல் போனதில்லை.

அதனால்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்; என்றைக்கு என்பதைத்தான் முடிவு செய்யாமல் இருந்தேன். நான் மாற்றியது நாலு முழம் துணி கூட இல்லை, ஒரு சிட்டிகை முடி. மீனில் நான் ஒன்றும் கலக்கவில்லை. ஏரியில் நான் ஒன்றும் கொட்டவில்லை. யார் வாயையும் திறந்து ஊட்டவில்லை. தெருவில் எல்லாரும் அவரவர் விருப்பத்துக்குத்தான் சாப்பிட்டார்கள். வேண்டுமானால் கஸ்தூரிரங்கன் சாருக்கு ஒரு போன் போட்டு, உம் தலை சுத்தமய்யா, வீட்டுக்கு வாரும் என்று நானே சொல்கிறேன். சந்தோஷப்படுவார்.

நீங்கள் காபியைத் தொடவே இல்லை. சரி, கத்திரிக்கோலை எடுங்கள். தலையைக் குனிந்துகொள்கிறேன், உங்களுக்கு வசதியாக இருக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நுனியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் தேடுவது அங்கேதான் இருக்கும். வேர்ப்பக்கத்தில் ஒன்றும் கிடைக்காது. கஸ்தூரிரங்கன் பெயரைச் சொல்லி என் முடியின் கணக்கை நீங்கள் மாடியில் படித்தீர்களே, அன்றையிலிருந்து நான் ஏரி மீனைத் தொடுவதில்லை. இந்த வயதில் நம் உடம்பை நாம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.