பல்லு மாத்திரை

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஜோதிலட்சுமி அம்மையார் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, என்னோடு பணிபுரியும் மருந்தாளுநர்களே, சாரலில் நனைந்தபடியே வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் தலைதாழ்ந்த வணக்கம்.

மேடை எனக்குப் புதிது. குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். "சத்தமா பேசு தாயி" என்கிறீர்கள். பேசுகிறேன் அண்ணாச்சி!

ஐந்தருவியில் மங்குஸ்தான் விற்கிறவர் வள்ளித்தாய் அக்காள். போன ஆண்டு அவர் உடம்பெங்கும் செந்நிறக் கட்டிகள். தோலில் ஒரு துளி கிள்ளியெடுத்துச் சோதித்தார்கள். நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம் என்றது அறிக்கை. திங்கட்கிழமை திருநெல்வேலிக்குச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

"தினமும் மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" எங்கள் மருத்துவமனைத் தோல் டாக்டர் தில்லைநாயகம் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் "இல்ல" என்றார் அக்காள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, என்னிடம் மருந்து வாங்கும் வரிசையில் நின்றவர், கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒரு மாத்திரையை விழுங்கினார். பார்த்துவிட்டேன்.

"யக்கா, அது என்னது?"

"பல்லு மாத்திரை."

"பல்லு வலியா?"

"பல்லப் புடுங்கியும் வலி நிக்கல. நரம்பு வலின்னு இதக் குடுத்தாவ. நாலு மாசமா திங்கேன்."

"டாக்டர்ட்ட ஏன் சொல்லல?"

"நல்லா கேட்டே! தோல் டாக்டர்ட்ட போயி பல்லப் பத்திப் பேசுனா, கிறுக்கின்னு சிரிக்க மாட்டாவளா?"

நீங்களும் சிரிக்கிறீர்கள். நான் மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பெயரைப் படித்தேன், சிரிப்பு வரவில்லை. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் மருந்து அது. பல்லாயிரம் பேருக்கு நல்லதே செய்யும். அரிதாகச் சிலருக்கு மட்டும் தோலில் கட்டிகளைக் கிளப்பும். நுண்ணோக்கியில் பார்த்தால் அவை புற்றுநோயாகவே வேடம் கட்டும்!

டாக்டர் அறை மாடியில். தப்பாக இருந்தால்? சிரித்தால்? சொல்லாமல் விட்டால், அக்காள் கதி? அட்டையோடு ஏறினேன். வாசலில் நின்று வந்த வார்த்தை, "சார்... பல்லு மாத்திரை."

அவர் சிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்தார், எழுந்தே விட்டார். "நான் மருந்துன்னு கேட்டேன். அவங்களுக்கு இது பல்லு!" உடனே திருநெல்வேலிக்குப் பேசினார். அந்த மாத்திரையை நிறுத்தி, வலிக்கு வேறு கொடுத்தார். காத்திருந்து பார்ப்போம் என்று முடிவானது.

முதல் வாரம், மாற்றமில்லை. இரண்டாம் வாரம், மாற்றமில்லை. நான்காம் வாரம் கட்டிகள் அமுங்கின. மூன்றாம் மாதம் தோல் தெளிந்தது. மறுபடி கிள்ளிப் பார்த்தார்கள். புற்று இல்லை!

பெருமை யாருக்கு? மருந்தாளுநரின் பேச்சைக் கேட்டு எழுந்து நின்ற மருத்துவருக்கு! "எம் பேரச் சொல்லியே பேசு, நாலு பேரு முழிச்சுக்கிடட்டும்" என்ற அக்காளுக்கு! தாய்மார்களே, எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எதையும் மறைக்காதீர்கள். பல்லுக்கோ, காலுக்கோ, தூக்கத்துக்கோ, அத்தனையையும் அள்ளி வந்து கொட்டுங்கள். பார்க்க நாங்கள் இருக்கிறோம்!

அதோ, மூன்றாம் வரிசையில் கைதட்டுகிறவர்தான் வள்ளித்தாய் அக்காள். அந்தக் கைகளைப் பாருங்கள், ஒரு தழும்பும் இல்லை. அவருக்கும் உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்!