கண்ணாடித் தொட்டியில் ஒரு களவு

இயக்குநர்: சுத்தி வளைக்காதய்யா. தொட்டிப் பூட்டோட சாவி யார்கிட்ட இருக்கு?

காவலாளி: என்கிட்டதாங்கய்யா.

இயக்குநர்: பூட்டு உடைஞ்சிருக்கா?

காவலாளி: இல்லீங்கய்யா.

இயக்குநர்: கண்ணாடில கீறலாவது...

காவலாளி: துடைச்சு வெச்சிருக்கேங்கய்யா. மூஞ்சி பாத்துக்கலாம்.

இயக்குநர்: மூஞ்சிய நான் வீட்லயே பாத்துட்டு வந்துட்டேன்! உள்ள இருந்த கடல் நத்தை ஓடெல்லாம் எங்க? நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. இன்னைக்கு வெறும் தண்ணி நிக்குது. பத்து மணிக்கு மேலிடத்துக் குழு வருது. நம்ம ஆராய்ச்சி நிலையத்தோட சின்னமே அந்த நத்தைதான். அவங்ககிட்ட எதக் காட்டுவேன், உன்னையா?

காவலாளி: நான் வேணா ஓரமா நிக்கறேங்கய்யா.

இயக்குநர்: நக்கலா? இந்தா, பேனா. 'என் அஜாக்கிரதையால் களவு போனது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நாளைலேர்ந்து வர வேண்டாம்.

காவலாளி: ஐயா... வேலை போச்சுன்னா என் வீட்டுக்காரி என்னையே தொட்டில போட்டு மூடிடுவாங்க.

வேதியியலாளர்: என்ன சார் இது, வராந்தா வரைக்கும் கேக்குது?

இயக்குநர்: வாம்மா, நல்ல நேரத்துல வந்த. சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போடு. இவன் ஓட்டத் திருடி வித்துட்டான்.

வேதியியலாளர்: நகக்கண் அளவு ஓட்ட யாரு சார் வாங்குவா? களவே நடக்கல. தண்ணி தின்னுடுச்சு.

இயக்குநர்: ஆரம்பிச்சுட்டியா...

வேதியியலாளர்: நீங்கதானே சார், போன மாசம் 'பழைய தண்ணி மங்கலா இருக்கு, விருந்தாளி வர்ற நேரம்'னு சொல்லி, போன தடவ கப்பல்ல துருவக் கடல்லேர்ந்து வந்த புதுத் தண்ணிய மாத்தி ஊத்தச் சொன்னீங்க?

இயக்குநர்: ஆமா. அதே இடத்துத் தண்ணிதானே?

வேதியியலாளர்: இடம் அதேதான். தண்ணி வேற. முன்னாடி அந்த எடத்துக்குத் தெற்கேருந்து உப்பு ஜாஸ்தியான தண்ணி வந்துட்டிருந்துச்சு. ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்புச் சரக்கு அதுல தாராளம். இப்ப அந்த நீரோட்டம் விலகிப் போயிடுச்சு. பனி உருகின தண்ணி வந்து உக்காந்திருக்கு. உப்பும் கம்மி, சரக்கும் கம்மி. போதாததுக்கு, குளிர்ந்த தண்ணி காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட மொடக்மொடக்னு குடிச்சு அமிலமாகுது. பசிச்ச தண்ணி சார் அது. சுண்ணாம்பக் கண்டா விடாது.

இயக்குநர்: அந்த நீரோட்டம் விலகாது.

வேதியியலாளர்: விலகிடுச்சு சார்.

இயக்குநர்: அதெப்படி விலகும்? சுவத்துல வரைஞ்ச கடல் வரைபடத்தப் பாரு, அந்த ஓட்டத்துக்கு எவ்ளோ பெரிய நீல அம்பு. கீழ என் பேரு.

வேதியியலாளர்: கடல் வந்து அந்த அம்பப் பாத்துட்டுத் திரும்புமா சார்?

காவலாளி: பெயிண்ட் நல்ல பெயிண்டுங்க மேடம். மங்கவே இல்ல.

இயக்குநர்: நீ சும்மா இருய்யா! இதப் பாரும்மா, இதையெல்லாம் எழுத்துல குடுத்தா நான் பரிசீலிக்கப் போறேன்.

வேதியியலாளர்: குடுத்து மூணு மாசமாச்சு. உங்க மேசைல அதுமேலதான் டீ கப் வைக்கறீங்க.

இயக்குநர்: ஃபேன் காத்துக்குப் பறந்துடக் கூடாதேன்னுதான்...

வேதியியலாளர்: தொட்டில போட்டது செத்துப்போன நத்தையோட ஓடு, போனாப் போகட்டும். அங்க உயிரோட இருக்கற நத்தை ஓடு கட்ட முடியாம தவிக்குது. அது இல்லன்னா மீனுக்கு எரை இல்ல. எனக்கு ராத்திரி தூக்கம் வரல சார். நீங்க இன்னைக்குப் படிக்கப் போற உரைல என்ன எழுதியிருக்கீங்க?

இயக்குநர்: 'துருவக் கடல் என்றும்போல் நலமாக உள்ளது.'

வேதியியலாளர்: யார்கிட்ட கேட்டு எழுதினீங்க, கடல்கிட்டயா?

இயக்குநர்: வருஷா வருஷம் அதான் எழுதறோம். இந்த வருஷம் மாத்தினா, 'போன வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க'ன்னு கேப்பாங்க. களவுன்னு சொன்னா ஒரு கேள்வியோட முடிஞ்சுடும். 'ஆளப் பிடிச்சீங்களா?' பிடிச்சாச்சு. தீந்துது.

காவலாளி: பிடிச்ச ஆளு நானுங்களாய்யா?

இயக்குநர்: பின்ன? சாவி உன்கிட்டதானே.

வேதியியலாளர்: அண்ணே, நீங்க கையெழுத்துப் போடாதீங்க. சார், அவர விட்டுடுங்க. அத்தனையும் கரைஞ்சுதான் போச்சு.

இயக்குநர்: கரைஞ்சிருக்காது.

வேதியியலாளர்: கரைஞ்சிடுச்சு.

இயக்குநர்: நேத்து உள்ள இருந்தது கரையவே கரையாதும்மா! நூத்துக்கு நூறு.

வேதியியலாளர்: எப்படி சார் அவ்ளோ உறுதியாச் சொல்றீங்க?

இயக்குநர்: ...அனுபவம்தான்.

வேதியியலாளர்: அனுபவமா?

இயக்குநர்: இத்தன வருஷமா கடலப் பாக்கறேன்... சரி, ஒரு பேச்சுக்கு உன் பேச்சையே வெச்சுக்கறேன். கரையறதுன்னா கொஞ்சம் கொஞ்சமாத்தானே கரையும்? முதல்ல பளபளப்பு போகும், அப்பறம் ஓரம் தேயும், அப்பறம் ஓட்டை விழும்...

வேதியியலாளர்: அப்படியேதான் சார் ஆச்சு! ஒவ்வொண்ணா. போன மாசம். ...நீங்க அத நின்னு பாத்திருக்கீங்க!

இயக்குநர்: நானா? இல்ல, இல்ல. எங்கயோ படிச்சது. ஆனா நேத்து சாயங்காலம் தொட்டி நிறைய இருந்துச்சா இல்லையா?

காவலாளி: இருந்துச்சுங்கய்யா. பளபளன்னு.

இயக்குநர்: கேட்டியா? பளபளன்னு இருந்தது காலைல காணோம். ஒரே நாள்ல அத்தனையும் கரையுமா? நீயே சொல்லு, படிச்சவதானே.

வேதியியலாளர்: அது... தண்ணிக்கு... திடீர்னு பசி கூடியிருக்கலாம்.

இயக்குநர்: இதத்தான் எழுதப் போறியா, உன் அடுத்த அறிக்கைல?

வேதியியலாளர்: அதுக்கென்ன சார், நேத்து இருந்ததெல்லாம் அசல் ஓடு மாதிரியே இல்ல. அத்தனையும் ஒரே அளவு. அடில வேற, அச்சுல வார்த்த மாதிரி நீளமா ஒரு கோடு...

இயக்குநர்: கோடா?

வேதியியலாளர்: ஆமா சார், மெல்லிசா. ரெண்டு பாதி ஒட்டின மாதிரி.

இயக்குநர்: அடில இருக்கற கோடு வெளிய நின்னு பாத்தாத் தெரியாதேம்மா. கைல எடுத்துத் திருப்பிப் பாத்தாத்தானே தெரியும்?

வேதியியலாளர்: வெளிய நின்னு பாத்தாத் தெரியாதுன்னு... உங்களுக்கு எப்படி சார் தெரியும்?

இயக்குநர்: யோவ். இவங்ககிட்ட ஏதாவது சொன்னியா நீ?

வேதியியலாளர்: அண்ணே, சார்கிட்ட நீங்க எதையாவது...

காவலாளி: நான் எங்கங்க சொன்னேன்? நேத்து மத்தியானம் ஐயா பொம்மைக் கடைப் பையோட வந்து பிளாஸ்டிக் ஓட்ட உள்ள கொட்டினீங்க. 'யார்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னீங்க. பூட்டத் திறந்துவிட்டேன், மூச்சு விடல. இன்னைக்கு விடிஞ்சதும் விடியாததுமா மேடம் வந்து அத்தனையும் வாரிக் கைப்பைல போட்டுக்கிட்டீங்க. 'அண்ணே, குழு வெறும் தொட்டியப் பாக்கட்டும், யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க'ன்னீங்க. அதே பூட்டத் திறந்துவிட்டேன், அப்பவும் மூச்சு விடல. கார் சத்தம் கேக்குது, குழு வந்துட்டாங்கபோல. வர்றவங்க எது கேட்டாலும் தண்ணியக் கை காட்டிடுங்கய்யா. இந்த ஹால்ல என்கிட்ட 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு சொல்லாதது அது ஒண்ணுதான்.