தன் எல்லையைத் தானே அறிந்த கம்பி

திருவட்டாற்றில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பேருந்தில் திரும்புகையில், முன்னிருக்கையில் இருந்த மீன் லாரி ஓட்டுநர் தம் நண்பரிடம், "நேத்து எனக்க வண்டி தனக்க எல்லைய தானே படிச்சுது மக்கா" என்றார்.

"குடிச்சிருந்தியா?"

"டர்போவுல காத்த கூட்டிக் கொறைக்கிய ஆக்சுவேட்டர புதுசா மாட்டியும் வண்டி ஏத்தம் ஏறல்ல. பெட்டி நெறைய மீனு, ஐஸ் உருகுது. மெக்கானிக்கு வந்து, 'மாட்டினா மட்டும் போராது, அதுக்க எல்லைய படிப்பிக்கணும்'னு லாப்டாப்ப சொருகினாரு."

"பொறவு?"

"எஞ்சின் ஓடல்ல, ஒருத்தரும் தொடல்ல. ஆக்சுவேட்டருக்க கம்பி தானா இந்தக் கடைசி அற்றம் வர போச்சு, அந்தக் கடைசி அற்றம் வர வந்துது. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுது."

"மீனு கெட்டுப்போச்சா?"

"இல்ல, வண்டி ஏத்தத்துல பறந்துதுல்லா! மேல நிறுத்தி, எறங்கி, கொதிச்சிட்டு கெடந்த டர்போவத் தொட்டுக் கும்பிட்டேன்."

வெந்து சிவந்திருந்த விரல்களை அவர் காட்டினார்.